கனடா பார்த்த கிரைண்டர்

— உலகத்துலயே கனடாவைச் சுத்திப் பாத்துட்டு, ஊரு புடிக்காம திரும்பி வந்த ஒரே கிரைண்டரு இதுதான், ஜஸ்டினு. ஏரோப்ளேன்ல அதுக்கு ஜன்னல் சீட்டு. பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து நின்னு வழி உட்டான்.

— ஒரு நிமிஷம் சார். கீழ்வீட்ல எனக்குக் கரன்ட் போயிருச்சு. பாதி மீட்டிங்ல எல்லாம் அணைஞ்சு போச்சு. என்னன்னு கேட்கத்தான் மாடி ஏறி வந்தேன். இங்க ஒரே கருகின வாசனை.

— கரன்ட்டு எங்க பூடும், வரும். நீ குந்து. சுலோ, நைனாவுக்கு ஒரு காபி குடு.

— கரன்ட் இல்லாத ஊட்ல இண்டக்‌ஷன் அடுப்பு எப்படிங்க எரியும், ரேகா அப்பா? தம்பி, இவரு சொல்றதுல முக்காவாசியைத் தள்ளிடு. கிரைண்டர் கனடா போனது நெஜம், வந்தது நெஜம். ஜன்னல் சீட்டெல்லாம் இவரு ஒட்ட வெச்சது.

— ஜன்னல் சீட்டு இல்லாமலா அவ்ளோ சார்ஜ் போட்டான்?

— நிஜமாவே கனடா போச்சா சார்?

— பின்ன? எம் பொண்ணு ரேகா அங்கதான் கீறா. உனக்குத் தெரியாதா? இந்த திருவேற்காட்ல தெரியாத ஆளே இல்ல. அவ தும்மினா அவ வேலை பாக்குற ஆபீஸ்ல அன்னிக்கு லீவு உட்டுருவான். அவதான் போன்ல, ‘மிக்ஸில அரைச்ச இட்லி செங்கல்லு மாதிரி கீதுப்பா’ன்னா. அப்பங்காரன் இன்னா பண்ணுவான்? அன்னிக்கே ஆன்லைன்ல ஒரு கடையைப் புடிச்சேன். அம்பத்தூர்ல செய்யிற கிரைண்டரு. கனடாவுல வாசப்படி வரைக்கும் அனுப்புற செலவு இலவசம்னு இம்மாம் பெரிய எழுத்துல போட்டிருந்தான்.

— அப்புறம் என்ன சார் பிரச்சினை?

— சொன்ன வாக்கு தப்பல. வாசப்படி வரைக்கும் இலவசம்தான். வாசப்படி தாண்டி உள்ள போவத்தான் காசு. கஸ்டம்ஸ் வரியாம். அது போவட்டும், கவர்மென்ட்டு. கூட ஒரு புரோக்கரு கீறான் நைனா. கல்யாணத்துக்குப் புரோக்கர் பாத்துருக்கேன், ஊட்டுக்குப் பாத்துருக்கேன், மாட்டுக்குப் பாத்துருக்கேன். கிரைண்டருக்குப் புரோக்கரு அங்கதான் வெச்சிருக்கான். எங்க கிரைண்டருக்காக அவன் அதிகாரியாண்ட போயி பேசினானாம். பேசினதுக்குக் கூலி. நான் பேசச் சொன்னேனா?

— கீழ எங்கயாவது சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க சார், வரியெல்லாம் வாங்குறவங்க பொறுப்புன்னு. நான்கூட வெளிநாட்லேர்ந்து ஒரு கேமரா லென்ஸ் வரவழைச்சு இப்படித்தான் சிக்கிக்கிட்டேன்.

— எழுத்தா அது? எறும்பு நடந்து போன தடம். அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வாங்கணும். அதுவும் வெளிநாட்லேர்ந்து வந்தா அதுக்கொரு புரோக்கரு.

— சரி, கனடாவுல ரேகா அக்கா அந்தப் பணத்தைக் கட்டலையா?

— அங்கதான் கதையே கீது. ‘வாங்க வேண்டியவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்’னு எனக்கு மெசேஜ் வந்துச்சு. பெத்த அப்பன் அனுப்பின சாமான. மறுத்துவிட்டார். மரியாதையாத்தான் எழுதியிருந்தான், ‘விட்டார்’னு.

— அவ மறுக்கல தம்பி. எத்தினி தபா சொல்றது இவருகிட்ட. வண்டிக்காரன் மணியே அடிச்சிருக்க மாட்டான். நம்ம ஊர்ல ஊட்டுல ஆளு இருக்கும்போதே, பூட்டி இருந்துச்சுன்னு எழுதிட்டுப் போறது இல்ல? அந்த மாதிரி.

— பாத்தியா ஜஸ்டினு, இத்தினி மாசமா இதே பாட்டு. நான் எது சொன்னாலும் நம்ப மாட்டா. சரி, மீதியைக் கேளு. கிரைண்டரு திரும்பி மெட்ராசுக்கு வந்து எறங்குச்சு. இங்க ஒருத்தன் போன் பண்றான், ‘சார், கனடாவிலிருந்து உங்களுக்கு வெளிநாட்டுச் சாமான் வந்துள்ளது, இறக்குமதி வரி கட்டுங்கள்.’ அம்பத்தூர் கிரைண்டரு நைனா. இங்கேர்ந்து ஷேர் ஆட்டோவுல போனாக்கூட வந்துரும். அது வெளிநாட்டுச் சாமானாம்.

— இங்கேர்ந்து போனதுதான்னு பேப்பர் காட்டினா விட்டிருப்பாங்களே.

— அந்த பேப்பரு கடைக்காரனாண்ட கீது. கடைக்காரன் போனு எடுக்கல. அதனால இங்கயும் ஒரு புரோக்கரு. அவனும் பேசினானாம். ஒரு கிரைண்டருக்காக ரெண்டு தேசத்துல பேச்சுவார்த்தை நடந்துகீது.

— கட்டாதீங்கன்னு தலைபாடா அடிச்சுகிட்டேன் தம்பி. போனா போவுது, அவனுங்களே வெச்சுக்கட்டும்னேன்.

— எப்படிடி உடுறது, சுலோ? பொண்ணு வேணாம்னு தள்ளிட்டா. நானும் வேணாம்னு தள்ளிட்டா அது எங்க போயி நிக்கும்?

— ஒரு நிமிஷம் சார். இந்தக் கருகின வாசனை கிரைண்டர்லேர்ந்துதான் வருது. கனடாவுக்குன்னு வாங்கினதுன்னா இது நூத்திப்பத்து வோல்ட் மோட்டாரா?

— ஆமா. அங்கத்து கரன்ட்டுக்குத் தோதா, கேட்டு வாங்கினது.

— நம்ம ஊர்ல இருநூத்து முப்பது. நடுவுல எதுவும் வைக்காம நேராவா சொருகினீங்க? நீங்க அண்ணனூர் ஷெட்ல எலெக்ட்ரிக் ரயிலுக்கே ரிப்பேர் பார்த்தவராச்சே.

— தலைக்கு மேல இருபத்தஞ்சாயிரம் வோல்ட்டு ஓடும். காலைல நான் உள்ள போனா அது எனக்கு வணக்கம் சொல்லிட்டுதான் அடுத்த வண்டியைக் கெளப்பும்.

— அப்போ இது எரிஞ்சிரும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே சார்.

— தெரியும்.

— பின்ன எதுக்கு?

— தெரிஞ்சேதான் சொருகினேன்.

— இன்னாங்க சொல்றீங்க? மாவாட்டலாம், உளுந்து ஊறப்போடுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— வேற இன்னா சொல்றது? எரிக்கப் போறேன், எட்டி நில்லுன்னா சொல்றது? தெனம் காலைல நான் பல்லு வெளக்க வந்தா, அந்த மூலையிலேர்ந்து அது என்னைப் பாத்துப் பேசுது சுலோ. ‘யோவ் செங்கல்வராயா, உம் பொண்ணு என்னை வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டாய்யா’ன்னு. எத்தினி நாளு கேட்டுகினு இருக்கிறது.

— சார், உங்க போன் அடிக்குது. ரேகான்னு வருது.

— அடிக்கட்டும்.

— எடுங்க சார்.

— எஞ்சாமான அவ வாங்கல, அவ போனை நான் எடுக்கல. பொங்கல்லேர்ந்து இதான் கணக்கு. தோ பாரு, நின்னு போச்சு.

— அவங்க பக்கத்தையும் யோசிங்க சார். வரி, புரோக்கர் எல்லாம் சேர்த்து நிறைய கேட்டிருப்பாங்க.

— கிரைண்டர் வெலையில பாதி. இருக்கட்டுமே. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அங்க டாலரா எண்ணுறாங்க. அப்பன் அனுப்பினதுன்னு ஒரு தபா கட்டியிருந்தா கொறைஞ்சா பூடுவா? அவ காலேஜுக்கு நான் கட்டும்போது வாசல்ல நின்னுகினு வேணாம்னா சொன்னேன்?

— போதும் நிறுத்துங்க, ரேகா அப்பா. அவ மேல பழி போடாதீங்க. கொட்டுற பனியில வண்டிக்காரன் பொட்டியைக் கீழகூட எறக்காம, கார்டு தேய்க்கிற மெஷினை நீட்டி மொதல்ல காசுன்னு நின்னா, பாவம் புள்ள இன்னா பண்ணுவா?

— இன்னா சொன்ன?

— ஒண்ணும் சொல்லல.

— மணியே அடிக்கலன்னு சொன்னியே. இப்போ மெஷினை நீட்டினான்ற. பனி கொட்டிச்சுன்ற. பொட்டியை எறக்கலன்றது உனக்கு எப்படித் தெரியும்?

— ஆன்ட்டி, நான் போய் கீழ ஃபியூஸைப் பார்க்கிறேன்.

— நீ குந்து ஜஸ்டினு. முக்காவாசி பொய்யின்னு உன்னாண்டதானே என்னைச் சொன்னா. இப்போ அவ சொல்லட்டும். சொல்லு சுலோ.

— அடிச்சான். மணி சத்தம் எனக்கே கேட்டுச்சு. நான் அப்போ அவளோட வீடியோல பேசிகினு இருந்தேன்.

— நீயா?

— ‘கார்டுல எவ்ளோ கீதுன்னு தெரியலம்மா, தேய்ச்சுப் பாக்கறேன்’னா. அவளுக்கு வேலை போயிட்டுது, ரேகா அப்பா. மாப்ளைக்குப் பாதி சம்பளம்தான். போன தீபாவளிக்கு முன்னாடியே.

— எங்கிட்ட ஏன் சொல்லல? நான் யாரு அவளுக்கு?

— எப்படிச் சொல்லுவா? அவ தும்மினா ஆபீஸுக்கே லீவுன்னு நீங்க ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கீங்க. ‘அந்த வாயை நான் எப்படிம்மா மூட வெக்கிறது’ன்னு அழுவுறா. கார்டு அவ கையில, அந்தாளு வாசல்ல. நீங்க சொன்னது நெஜந்தாங்க, அவ வேணாம்னுதான் சொன்னா. ஆனா ‘வேணாம்னு சொல்லி அனுப்புடி, அப்பாவை நான் பாத்துக்கறேன்’னு சொன்னது நான்.