வானவடியில் நிற்கும் கப்பல்

லோனாவாலாவிலிருந்து புனே போகும் லோக்கலில், கசார்வாடியில் ஏறிய இருவர் என் எதிரே உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டார்கள்.

"நிக்டியில ரெண்டு கப்பல் ஓடுது. வானவடிக் கப்பல் மட்டும் காலையிலேர்ந்து நகரவே இல்ல மேடம்," என்றான் இளைஞன்.

இரண்டுமே புனேப் பக்கத்து ஊர்ப்பகுதிகள். எனக்குத் தெரிந்து புனேயில் கடல் கிடையாது. எதற்கும் ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்துவைத்தேன்.

அந்தப் பெண்ணுக்கும் குழப்பம்தான். "நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு நாள்தானே ஆகுது, புரியற மாதிரி சொல்லுங்க."

"நாம செய்யற மிலிட்டரி லாரிக்குள்ள உக்காந்து, திரையப் பாத்தே துறைமுகத்துக் கப்பலுக்கெல்லாம் வழி சொல்லணும். சோதனை பண்ண இங்க கடலுக்கு எங்க போறது? நம்ம ஆளுங்க ஸ்கூட்டர்ல சிக்னல் அனுப்பற ஒரு பெட்டிய வெச்சுக்கிட்டு ஊரச் சுத்துவாங்க. திரையில அதுதான் கப்பல்."

"அப்ப வானவடியில நிக்கறது?"

"நம்ம செந்தில். அவன் பொண்டாட்டிக்கு வலி எடுத்திருச்சு. சோதனை முடியாம லீவு கிடையாதுன்னுட்டார் சாகேப். ஸ்கூட்டர் பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குது."

"ஐயோ, சாகேப் திரையைப் பாக்கலையா?"

"பாத்துட்டுக் கேட்டார். துறைமுகத்துல இடம் காலியில்ல, வெளியில காத்துக்கிட்டிருக்குன்னு சொல்லிட்டேன். நிஜக் கப்பல் மாதிரியே இருக்குன்னு ரொம்ப சந்தோஷப்பட்டார்."