பிரிக்காத கவர்கள்

குட்டிக் கதை ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கதைன்னு சொன்னாலும் நடந்ததுதான்.

இருபது வயசுல நான் பைபாஸ் ஓரம் ஒரு நர்சரியில தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். இன்னைக்கும் ஈரத் தேங்காய்நார் வாசம் வந்தா... அந்த நாள் அப்படியே வந்துடும். பதினோரு மணிக்கு ரோஜாப் பாத்தி பக்கத்துல டீ. கூட வேலை பார்த்த குணவதி அக்கா எங்க ஓனர் மாதிரியே நடந்து காட்டும். வயிறு வலிக்கச் சிரிப்போம். அப்படி ஒரு சிரிப்பு அதுக்கப்புறம் நான் சிரிச்சதில்ல.

அங்க 'தங்கக் கம்பளம்'னு ஒரு கொடி. மஞ்சப் பூ. நாலாயிரம் பிளாஸ்டிக் கவர்ல வளர்த்தோம். எதுக்கு? ஏரிக்கரையை அழகுபடுத்த. அந்தத் தண்டு பக்கத்துக் கவர் மண்ணைத் தொட்டா போதும்... வேர் விட்டுடும். அதனால சனிக்கிழமை சனிக்கிழமை எல்லாக் கவரையும் தூக்கிப் பிரிச்சு வைக்கணும். அது அக்கா வேலை.

அக்கா வீடு அந்த ஏரி வாய்க்கால் ஓரம். "டேய், போன மழையில எங்க வாய்க்காலை அடைச்சுது பாரு, அது இதுதான்டா. வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. பேரை மாத்திட்டா எனக்குத் தெரியாதா?"

ஓனர்கிட்டயும் சொன்னுச்சு. அவர் என்ன சொன்னார்?

"படிச்சவங்க ஆர்டர் குடுத்திருக்காங்க. நீ போய்த் தண்ணி ஊத்தும்மா."

ஒருநாள், பரவி நாசம் பண்ற செடியை விக்கிறாங்களான்னு பார்க்க ஒரு அதிகாரி வர்றாருன்னு சேதி. ஓனர் விடியும்போதே வந்துட்டார். "மஞ்சப் பூ ஒண்ணு விடாம கிள்ளிடுங்க." கிள்ளினோம். நானும் கிள்ளினேன்.

அதிகாரி போன்ல இருந்த படத்தைப் பார்க்குறார்... செடியைப் பார்க்குறார். படத்துல பூ இருக்கு. செடியில இல்ல.

"இது என்ன?"

"சும்மா பச்சைக்கு வைக்கிறது சார்."

"சரி, ஒரு கவர் எடுங்க."

அக்கா குனிஞ்சு ஒண்ணைத் தூக்குச்சு. ஏழு வந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு வேர் பிடிச்சு... மாலை மாதிரி தொங்குது.

ஓனருக்கு வாய் முந்திடுச்சு. "ஏம்மா, ரெண்டு வாரமா பிரிக்கலையா?"

அதிகாரி திரும்பினார். "பிரிக்கணுமா? எதுக்கு?"

அக்கா முந்திக்கிச்சு. "பிரிக்கலைன்னா இப்படித்தான் போகும் சார். எங்க வாய்க்கால் வரைக்கும் போச்சு."

ஆர்டர் நின்னுது. திங்கக்கிழமை அக்காவை வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க.

ஓனர் என்னைக் கூப்பிட்டார். "அவ வேணும்னேதான விட்டா?"

"தெரியல சார்"னேன்.

தெரியும். அக்கா பிரிக்காம விட்டப்பவே "அக்கா, வேலை போயிடும்"னு சொன்னதே நான்தான். "வீட்டுக்குள்ள தண்ணி வர்றதுக்குப் பதிலா வேலை போகட்டும்"னுச்சு. இதை நான் யார்கிட்டயும் சொல்லல. அக்காவை நிறுத்தினது தப்புன்னும் சொல்லல. பதினோரு மணிக்கு டீ வந்துச்சு... குடிச்சேன்.

இதை ஏன் இங்க சொல்றேன்? விக்கக் கூடாத செடிகள்னு இன்னைக்கு ஒரு பட்டியல் வெளியிடப் போறீங்க. படம் இருக்கு, பேர் இருக்கு. விக்கிறவன் பேரை நாளைக்கே மாத்துவான். பூவைக் கிள்ளச் சொல்லுவான். கிள்ளப் போறது யாரு? தினக்கூலிக்கு நிக்கிற பொம்பளைங்க. எந்தச் செடி எங்க ஓடும்னு அவங்களுக்குத் தெரியும். "இதை வச்சு என்னம்மா பண்றீங்க?"ன்னு ஒருத்தர் நின்னு கேட்டா போதும், சொல்லிடுவாங்க.

ஆனா சொன்னவங்க திங்கக்கிழமை வேலைக்கு வர முடியணும். உங்க பட்டியல்ல அதுக்கு ஒரு வரி இல்ல. அதை எழுதுங்க... எழுதிட்டு வெளியிடுங்க.