சாத்திரியாரின் கணினியில் விழுந்த எழுத்துகள்

நெடுந்தீவில் கணினி பழுதானால் திருத்துகிறவன் கடல் கடந்து வரவேண்டும். வந்தாலும் கடைசிப் படகைப் பிடிக்கும் அவசரத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவான். ஆகவே எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகத்தை இடையில் விட்டவன், மின் நிலையத்தில் இரவு வேலை. பகலில் சும்மா கிடப்பவன்.

ஆழ்வாப்பிள்ளைச் சாத்திரியாரின் கணினிக்கு என் வயதிருக்கும். கலியாணப் பொருத்தம் எல்லாம் அதில்தான் பார்ப்பார். திரைக்குத் தினமும் சந்தனப் பொட்டு. கணினியோடு வந்த பழைய பிளொப்பித் தட்டு ஒன்றில், ஒரு விளையாட்டுக்குள், வைரஸ் இருந்தது. அந்தக் காலத்துச் சாமான். நிரல் கோப்புகளின் வாலில் ஒட்டிக்கொள்ளும். நிரலைத் திறந்தால் முதலில் இது விழிக்கும். எதையும் அழிக்காது. திரையிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கீழே விழுத்தும், அவ்வளவுதான். இன்றைய கணினிகளில் அதற்குப் பிழைப்பில்லை. ஒல்லாந்தர் விட்டுப்போன குதிரைகளைத் தீவில் பாதுகாக்கிறார்கள். நான் இதைப் பாதுகாத்தேன்.

கனடா மாப்பிள்ளைக்கும் கஜானிக்கும் பொருத்தம் பார்த்த அன்று அது தானாகத்தான் விழித்தது. கட்டங்களில் இருந்த கிரகங்கள் உதிர்ந்து திரையின் அடியில் குவிந்தன. சாத்திரியார் கும்பிட்டார்.

"செவ்வாயே நிக்கேல்லை. இதை விடு பிள்ளை," என்று கஜானியின் தாய் இலட்சுமிப்பிள்ளையிடம் சொன்னார். நான் பின்னால் வயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவது என் பழக்கமில்லை.

பிறகு விஷயத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். மற்றவர்களுக்காகக் கணினியைத் துப்புரவாக வைத்திருந்தேன். ஊர்க் கலியாணங்களைக் குழப்ப நான் கெட்டவன் அல்ல. கஜானியின் சாதகக் குறிப்பைக் கொண்டுவருமுன் இலட்சுமிப்பிள்ளை அக்கா என்னிடம் வந்து, கணினிப் பெட்டியை ஒருக்கால் பார்த்துவிடச் சொல்லிக் கெஞ்சுவார். போய்ப் பார்ப்பேன். அந்த விளையாட்டை ஒருதரம் ஓடவிட்டு வருவேன். நோர்வே விழுந்தது. கொழும்பு விழுந்தது. கடைசியில் புளியங்கூடலிலிருந்து, மனைவியை இழந்த ஒருவர் கேட்டார், அவரும் விழுந்தார். ராசியில்லாதவள் என்று படகில் கஜானிக்குப் பக்கத்தில் இருக்கவும் சனம் தயங்கத் தொடங்கியது. அதனால் எனக்கு அங்கே இடம் கிடைத்தது.

கேட்பார் இல்லையென்று ஆனதும் என் குறிப்பைக் கொடுத்தேன். அதற்குமுன் கணினியிலிருந்த நிரல்களில் ஒன்றும் விடாமல் வைரஸைத் துடைத்தேன். எழுத்துகள் அசையவில்லை. சாத்திரியாருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"கஜானியின்ரை குறிப்புக்குப் பெட்டி இவ்வளவு தெளிவா ஒருக்காலும் சொன்னதில்லை. பொருந்தாது, தம்பி."

அப்போதுதான் நிதானம் தவறினேன். "பெட்டியை நம்பேலாது ஐயா. அதுக்கை வைரஸ் இருக்கு. எழுத்து விழுறதே அதாலைதான்."

தாயின் பக்கத்துக் கதிரையில் கஜானி இருந்தாள். "இண்டைக்கு விழேல்லையே, அண்ணை," என்றாள். திரையிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "அப்ப எனக்கு மட்டும் விழுத்தினது நீர்தானே?"

ஓம் என்றேன். முழுவதையும் சொன்னேன், குதிரைகளையும் விடாமல். தாய் அழுதார். கஜானி அழவில்லை, எழும்பிப் போனாள்.

இப்போது படகில் அவளுக்குப் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். பொருந்தாது என்று சொன்னது கணினிதான். அவள் தன் வாயால் இன்னும் சொல்லவில்லை.