அவிழ்க்க மறந்த கட்டு

அவைக்குத் தலைமையேற்ற அரங்கநாதன் ஐயா அவர்களே! அனுபவத்தால் நரைத்த ஆன்றோர்களே! பனமலையிலிருந்தும் முண்டியம்பாக்கத்திலிருந்தும் வெயிலோடு வந்திருக்கும் தாய்மார்களே! திண்டிவனத்துத் தோழர்களே! கலைப்பிரியாவின் வணக்கம்.

என்னைப் பாராட்டுகிறீர்கள். எதற்கு?

நானும் தோழி ரோஸ்லினும் கணினிக்குள் ஒரு கிருமியின் தோலைக் கட்டினோம். தோலில் ஒரு துளை. துளையின் நடுவே கதவுபோல் ஒரு மடல். மருந்து மூலக்கூறு அதைத் தாண்டுமா? ஐந்து முறை கணினியில் ஓட்டிப் பார்த்தோம். ஐந்து முறையும் தாண்டியது.

ரோஸ்லின் துள்ளினாள்.

"அஞ்சுக்கு அஞ்சுடி! ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்க?"

"ரொம்ப ஈசியா போவுதுடி. டவுட்டா இருக்கு."

"மாதாவே நேர்ல வந்தாலும் நீ ஆதார் கார்டு கேப்ப!"

சிரியுங்கள். நானும் சிரித்தேன். கட்டுரையை எழுதி அனுப்பினோம். ஆனாலும் தடையிருந்தும் தயக்கமில்லையா? கிருமி என்ன, மருந்தை மாலையிட்டா வரவேற்கும்?

அசைவுப் படத்தை மறுபடி பார்த்தேன். தண்ணீர் துடித்தது. தோல் துடித்தது. மடல் மட்டும் துடிக்கவில்லை. சூடுள்ள எதிலும் அணுக்கள் அப்படி அசையாமல் நிற்காது.

தவறு என் கையில். சுற்றிலும் தண்ணீர் படியும்வரை துளையின், மடலின் அணுக்களை அசையாமல் கட்டிவைப்போம். பிறகு தளர்த்தி, அவிழ்த்து, அப்புறம்தான் உண்மையான ஓட்டம். நிரலில் அவிழ்க்கும் வரியை எழுத மறந்தேன். கதவைத் திறந்த நிலையில் ஆணியடித்துவிட்டு, வழி கிடைத்ததென்று அறிவித்திருக்கிறோம்!

அவிழ்த்து ஓட்டினேன். ஐந்து முறை. மருந்து மடலில் மோதியது. நின்றது. ஒருமுறைகூடத் தாண்டவில்லை.

கடைசி வரிசையில் யார் கேட்பது? "அப்ப மருந்து பொய்யாம்மா?" தெரியாது ஐயா. எங்கள் கட்டுரை பொய்.

அது அச்சுக்குப் போகிறது. அதை நம்பித்தான் திங்களன்று ரோஸ்லினுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழக நேர்காணல். நேற்றே அவளிடம் சொன்னேன். "திங்கக்கெழம வரிக்கும் வாயத் தொறக்காத. அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். அந்த அப்புறத்தைச் சந்தேகிக்கிறேன். ஊர் நடுவே அவளை இழுக்கும் என்னையும் சந்தேகிக்கிறேன். இதில் பொறாமை எவ்வளவு?

பெயர் போகட்டும். பாராட்டு போகட்டும். போகாத மருந்தைப் போனதென்று சொன்ன பொய் மட்டும் போகாமல் நிற்கலாமா?

கைதட்ட வேண்டாம். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் இதோ. இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும். என்னுடையது இருக்கிறது. ரோஸ்லின், மூன்றாம் வரிசையிலிருந்து எழுகிறாய். பேனாவுக்கா, மைக்கைப் பிடுங்கவா?

"இரு. புது ஓட்டத்தோட ஃபைல மொதல்ல காட்டு. அதுலயும் எதையாவது மறந்திருப்ப. உன்ன எப்பிடி நம்பறது?"

கேட்டீர்களா, அவையோரே? எனக்கே தோன்றாத கேள்வி! மடிக்கணினி பையில்தான் இருக்கிறது. மேலே வா. எல்லோர் முன்னாலும் வரி வரியாகப் படி.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. நம்ப மறுத்தவளுக்குப் பெருநன்றி. வணக்கம்.