இருபத்து மூன்று ஸ்கேன் சென்டர்கள்

தலைவர்: ...ஆகவே, இந்த மாநிலத்தின் மருத்துவ வரலாறு இன்று, இந்த மேஜைக்கு முன்னால், இந்த நிமிடத்தில் திரும்புகிறது! இந்தப் பில்லை நான் ஏற்க மாட்டேன்!

காசாளர்: சார், அது பில் இல்ல. டோக்கன்.

தலைவர்: ...டோக்கனையும் ஏற்க மாட்டேன்.

மனைவி: ஏங்க, மணி பத்தரை. பின்னால ஆளுங்க நிக்கறாங்க.

தலைவர்: நிக்கட்டும். அவங்களுக்கும் சேர்த்துத்தான் பேசறேன். நோயாளர் உரிமைக் கழகத்தோட மாநிலத் தலைவர்மா நான்.

காசாளர்: பெரிய கழகமா சார்?

மனைவி: ரெண்டு பேர். நான் பொருளாளர்.

தலைவர்: நீ சும்மா இரு.

காசாளர்: இந்தாங்க சார், இதுதான் பில். வயித்து ஸ்கேன், அதுக்கு நரம்புல ஏத்தற கான்ட்ராஸ்ட் மருந்து, ஊசி, குழாய், ஃபிலிம் நாலு, படுக்கை விரிப்பு, கவுன்...

தலைவர்: நிறுத்து! மருந்து எவ்வளவு?

காசாளர்: நாலாயிரத்து அறுநூறு.

தலைவர்: ஒரு குப்பி! இதே குப்பி, இதே கம்பெனி, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆயிரத்து எண்ணூறு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மூவாயிரத்து நூறு. நீங்க வாங்கற விலை ஆயிரத்துக்கும் கீழ. நடுவுல இருக்கறதெல்லாம் யார் வயித்துக்குப் போகுது?

காசாளர்: எனக்கு எப்படி சார் தெரியும்? நான் பட்டனைத் தட்டறேன், அது விலையைக் காட்டுது.

தலைவர்: எனக்குத் தெரியும்! மாநிலம் முழுக்க இருபத்திமூணு ஸ்கேன் சென்டர் ஏறி இறங்கி, நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

மனைவி: ஏறினீங்க, இறங்கினீங்க. ஒரு இடத்துலயாவது படுத்தீங்களா? கல்லீரல்ல ஏதோ நிழல் தெரியுது, உடனே எடுங்கன்னு டாக்டர் சொல்லி ஒரு மாசம் ஆச்சு.

தலைவர்: ஆய்வுன்னா சும்மாவா?

மனைவி: டாக்டர் இன்னிக்கு ஒரு மணிக்கு ஊருக்குக் கிளம்பிடுவார். போனா திரும்பி வர மூணு வாரம். அதுக்குள்ள படம் அவர் கைக்குப் போகணும். பாப்பா, நீ பில்லை...

தலைவர்: ஃபிலிம் எதுக்கு நாலு? டாக்டர் கம்ப்யூட்டர்லயே பாக்கறார். நான் என்ன, ஜன்னலுக்குத் திரையா தைக்கப் போறேன்?

காசாளர்: சரி சார், ஃபிலிமை எடுத்துடறேன்.

தலைவர்: ...எடுத்துடறியா?

காசாளர்: எடுத்துட்டேன்.

தலைவர்: அப்ப கவுன்? ஒரு தடவை மட்டும்தான் போடணும்னு அச்சடிச்சிருக்கு. பின்பக்கம் கொடியில நாலு காயுதே, அது என்ன?

காசாளர்: கவுனும் எடுத்துட்டேன் சார்.

மனைவி: பாருங்க, கேட்டதுக்கெல்லாம் சரிங்குது. வாங்க, உள்ள போகலாம்.

தலைவர்: இரு, இரு. இவ்வளவு சீக்கிரம் இறங்கி வர்றாங்கன்னா இதுல என்னமோ இருக்கு. மருந்துக்கு வா!

காசாளர்: ஆயிரத்து எண்ணூறு போட்டுக்கட்டுமா சார்?

தலைவர்: மேனேஜரைக் கேக்காமயா?

காசாளர்: நான் பாத்துக்கறேன் சார்.

தலைவர்: அப்ப இத்தனை நாளா நாலாயிரத்து அறுநூறு கட்டினவன் எல்லாம் முட்டாளா? அவங்களுக்கு முதல்ல திருப்பிக் குடுங்க. அதுவரைக்கும் நான் உள்ள வர்றதா இல்ல.

மனைவி: அடக் கடவுளே...

காசாளர்: சார், மருந்துக்குக் காசே வேண்டாம். சும்மா போடறோம்.

தலைவர்: சும்மாவா! மாநிலத் தலைவருக்கே லஞ்சமா!

மனைவி: ஏங்க, ஏத்தினா கொள்ளை, இறக்கினா சூழ்ச்சி, சும்மா குடுத்தா லஞ்சம். உங்களுக்கு என்னதான் வேணும்?

தலைவர்: நியாயம்!

மனைவி: அதை ஸ்கேன் முடிஞ்சதும் வாங்கிக்கலாம். மணி பத்தே முக்கால்.

தலைவர்: முடியாது. என் பையிலேர்ந்து ஒரு சல்லிக்காசு...

காசாளர்: நீங்க கட்டவே வேண்டாம் சார். அம்மா நேத்தே வந்து கட்டிட்டாங்க.

தலைவர்: ...என்ன?

காசாளர்: முழுசும். எங்க வீட்டுக்காரர் நாளைக்கு வந்து சண்டை போடுவார், எது சொன்னாலும் தலையாட்டிடுன்னு அம்மாதான்...

மனைவி: பாப்பா!

காசாளர்: மன்னிச்சிக்குங்கம்மா. பின்னால பதினாலு பேர் நிக்கறாங்க.

தலைவர்: நாலாயிரத்து அறுநூறா கட்டினே?

மனைவி: ஆமா.

தலைவர்: கவுனுக்கும்?

மனைவி: கவுனுக்கும்.

தலைவர்: கழகத்தோட பொருளாளர்...!

மனைவி: பொருளாளரா கட்டல. பொண்டாட்டியா கட்டினேன். ஒரு மாசமா ராத்திரி எழுந்து எழுந்து உங்க மூஞ்சியைப் பாத்துட்டுப் படுக்கறேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் என்ன விலைன்னு கேக்க எனக்குத் தெம்பு இல்ல.

காசாளர்: சார், இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்து. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். மருந்து ஏத்தறதுக்கு நாலு மணி நேரம் வயிறு காலியா இருக்கணும். கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?

மனைவி: நேத்து ராத்திரி எட்டு மணி.

காசாளர்: அவரே சொல்லணும்மா.

மனைவி: சொல்லுங்களேன்.

தலைவர்: காலைல... அஞ்சு மணி.

மனைவி: என்னது?

தலைவர்: பிஸ்கட். ஒரு பாக்கெட்.

மனைவி: சாப்பிடக் கூடாதுன்னு தெரியாமயா?

தலைவர்: தெரிஞ்சுதான். சாப்பிட்டுட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவாங்கல்ல... வந்ததும் அதை நானா சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் விலையைப் பிடிச்சுக்கிட்டேன்.

மனைவி: இருபத்திமூணு இடத்துலயும் இப்படித்தானா?

தலைவர்: விலை எல்லாம் நிஜம். நோட்டைக் காட்டவா?

மனைவி: நோட்டு கிடக்கட்டும். ஏங்க இப்படி?

தலைவர்: எடுக்காத வரைக்கும் அது வெறும் நிழல். எடுத்துட்டா அதுக்கு ஒரு பேரு வச்சிடுவாங்க.

மனைவி: வைக்கட்டும். பேரு தெரிஞ்சாத்தானே விரட்ட முடியும்? நான் கதவுகிட்டயே நிக்கறேன்.

காசாளர்: அஞ்சு மணின்னா... கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆயிடுச்சே சார்! ஒண்ணும் பிரச்சினை இல்ல. நேரா உள்ள போங்க.

மனைவி: அப்பாடா! வாங்க, வாங்க. சட்டை பட்டனைக் கழட்டுங்க...

தலைவர்: கொஞ்சம் இரு.

மனைவி: இன்னும் என்ன?

தலைவர்: பத்து மணிக்கு உன்னை வாசல்ல இறக்கி விட்டுட்டு வண்டியை நிறுத்தப் போனேன்ல... அங்க ஒரு கடை இருந்துச்சு. இன்னொரு பாக்கெட் சாப்பிட்டேன். கிரீம் வச்சது.