அது கிமோனோ பட்டை இல்ல

ஆடி முடிச்சா காத்தோட போற விஷயம், ஹிசாயே, அதுக்குப் போய் என்னோடதுன்னு சொந்தம் கொண்டாடுறியே, வெக்கமா இல்ல? இதாங்க, நொசாகி சான், தோமோயோ என்னைக் கேட்டது. வார்த்தைக்கு வார்த்தை இதேதான். மேடைக்குப் பின்னாடி, நான் வாங்கிட்டுப் போன பூங்கொத்தக் கையில வெச்சுக்கிட்டே கேக்குறா.

இல்ல, டீ வேணாம். சரி, உக்கார்றேன். பூட்ஸ்ல பனி ஒட்டியிருக்கு, தரை ஈரமாகும், அப்புறம் என்னைச் சொல்லாதீங்க.

ஞாயித்துக்கிழம வார்டு கூடத்து நடன விழாவ நீங்கதானே படம் புடிச்சீங்க? அதுல ஏழாவது ஆட்டம், மணப்பெண்ணுன்னு பேரு போட்டு தோமோயோ ஆடினாளே, அத வெட்டி எடுத்துடணும். எல்லாருக்கும் டிஸ்க் போட்டுக் குடுக்கறதுக்குள்ள. ஏன்னு கேக்காம செய்ய மாட்டீங்களா? நெனச்சேன். கேளுங்க.

அந்த வகுப்புல முதல்ல சேந்தது நான். நவீன நடனம், புதன்கிழம காலைலன்னு நோட்டீஸ் பாத்துட்டு, மூட்டு வலிக்கு ஆகும்னு போனேன், அம்பத்தி மூணு வயசுல. இகராஷி டீச்சர் எடுத்த எடுப்புலயே, தரைல படுங்க, உடம்பு கனத்தத் தரைகிட்ட விட்டுடுங்கன்னாங்க. இப்பத்தாங்க வீட்டுத் தரையத் துடைச்சுட்டு வர்றேன், இங்க நானே துடைக்கிற துணியாகணுமான்னு கேட்டேன். சிரிக்கல அந்தம்மா. படுத்தேன். அப்புறம் எந்திரிக்க மனசு வரல, போங்க.

நான் கான்வென்ட்டுல படிச்சவ. முட்டி ரெண்டும் ஒட்டியிருக்கணும், முதுகு நேரா நிக்கணும், ஓடக் கூடாது. வெளிய வந்து முப்பது வருஷமாகியும் அப்படியேதான் நடந்தேன். துணி காயப்போடறதுக்குத் தவிர தோளுக்கு மேல கை தூக்கினதில்ல. இங்க என்னடான்னா ஸ்டெப்பே கிடையாது. கண்ணாடிக்குத் துணி போட்டு மூடிடுவாங்க. உடம்புக்கு என்ன வருதோ அதான் ஆட்டம். மூணாவது மாசம் ஒரு நாள் என் தோள் தானா சுத்திச்சு, நான் சுத்தல. அன்னிக்கு சைக்கிள்ல பாடிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்னா பாத்துக்கோங்க.

அந்த சந்தோஷத்துலதான் தோமோயோவக் கூட்டிட்டுப் போனேன். எதுத்த வீடு, இருவது வருஷப் பழக்கம். அவ வீட்டுச் சாவி என்கிட்ட, என் வீட்டுச் சாவி அவகிட்ட. வகுப்புல ஜோடியா செய்யறது ஒண்ணு உண்டு. ஒருத்தி கண்ண மூடிட்டு ஆடுவா. இன்னொருத்தி சுவத்தோரமா உக்காந்து, அவ எங்கயும் முட்டிக்காம பாத்துக்கணும். முடிஞ்சதும் நல்லாருந்துச்சுன்னுகூடச் சொல்லக் கூடாது. பாத்தது அந்த அறையோட போச்சு, அதான் சட்டம். எனக்குப் பாக்கறவ எப்பவும் தோமோயோதான். வேற யாரு முன்னாடியும் எனக்குக் கண்ண மூட வராது.

எட்டு மாசமா எனக்கு ஒரே ஆட்டந்தான் வந்துச்சு. வலது கை நெஞ்ச சுத்தி முதுகுக்குப் போகும், இடது கை வாங்கும், உடம்பு ஒரு சுத்து சுத்தும். மறுபடி, இன்னும் இறுக்கமா. கடைசில ஒரு முடிச்சு. மேடையில ஆடறீங்களான்னு டீச்சர் கேட்டாங்க. மாட்டேன், இது மேடைக்கில்லன்னுட்டேன். தோமோயோ பக்கத்துலயேதான் நின்னா. ஆமான்னு தலையும் ஆட்டினா. அந்தத் தலையாட்டல்தாங்க எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஞாயித்துக்கிழம மூணாவது வரிசைல, மடியில பூவோட உக்காந்திருக்கேன். விளக்கு வருது. அவ கை நெஞ்ச சுத்திப் போகுது. என் கை. ரெண்டு சுத்துதான் பாத்தேன், கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். கைத்தட்டல் கேட்டப்புறந்தான் தொறந்தேன். பக்கத்து சீட்டு அம்மா மூக்க உறிஞ்சிக்கிட்டு, கல்யாணத்தன்னிக்கு எங்கம்மா எனக்குக் கிமோனோ பட்டை கட்டிவிட்ட ஞாபகம் வந்துடுச்சுங்கறாங்க. தோமோயோவும் அப்படித்தான் நெனச்சிருக்கா. நம்ம ஊர்ல முதுகுக்குப் பின்னாடி துணி சுத்தினா வேற என்னத்த நெனப்பாங்க.

இல்ல, அது என்னன்னு அவகிட்ட நான் சொன்னதில்ல. அறைக்குள்ளதானே கேக்கக் கூடாது, ரோட்டுல கேக்கலாம்ல? என்னடி அது ஹிசாயேன்னு ஒரு தடவ. எடுத்துக்கத் தெரிஞ்சவளுக்குக் கேக்கத் தெரியல.

பட்டைய இப்படி நெஞ்சு மேலயா கட்டுவாங்க? அது ஒண்ணுமில்ல, பழைய கத. இருவத்தஞ்சு வயசுல ஒரு பொண்ணு பெத்தேன். பொறக்கும்போதே மூச்சு இல்ல. பாத்தா மறக்க முடியாது, காட்டாதீங்கன்னு மாமியார் சொல்லிட்டாங்க, நர்ஸ் கொண்டு போயிட்டாங்க. மூணாம் நாள் பால் கட்டிக்கிச்சு. அது நிக்கணும்னு வெள்ளத் துணியால நெஞ்ச சுத்தினாங்க. மாமியார் ஒரு முனையப் புடிச்சுக்கிட்டாங்க, நான் கையத் தூக்கிட்டு நின்ன எடத்துலயே சுத்தினேன். அவ்வளவுதான். போட்டோகூடக் கிடையாது.

இருங்க, இருங்க, இப்பவே அழிக்காதீங்க. ஆடினப்பல்லாம் கண்ண மூடியிருந்தேன், அன்னிக்கும் மூடிக்கிட்டேன். அந்த ஆட்டம் எப்படியிருக்கும்னு எனக்கே தெரியாது. ஆடறது அந்தத் துரோகின்னா இருந்துட்டுப் போறா. சத்தத்தக் கொறச்சுட்டு ஓட்டுங்க.

நொசாகி சான்? ஒரே ஒரு தடவ ஓட்டுங்களேன்.