பூட்டிய குசினி

“நான் சாப்பிடாமல் விட்டதாலை ஒரு பிரெஞ்சுக்காரி பேராசிரியரா வந்திட்டா, அண்ணை!”

டென்மார்க்கில் ஓகூஸிலிருந்து ரண்டர்ஸ் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த இளைஞன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான்.

“ஆரடா அது?”

“சனம் சாப்பிடுறதை ஆராயிற சமூகவியலாளர். போன வருசம் எங்கடை அகதி முகாமுக்கு வந்து, ஏன் சாப்பிடேல்லை எண்டு கேட்டவ. குசினியைப் பூட்டி வைச்சிருக்கினம், சமைக்க விடுகினமில்லை எண்டு சொன்னனான். அதை வைச்சு எழுதித்தான் பேராசிரியரா வந்தவ. இண்டைக்குப் பல்கலைக்கழகத்திலை பேசேக்கை, தமிழர் தங்கடை அடையாளத்தைக் காப்பாற்றத்தான் டெனிஸ் சாப்பாட்டை மறுக்கினம் எண்டுறா.”

“நீ சும்மா இருந்தனியோ?”

“எழும்பி, பொய் எண்டு கத்தினன். எல்லாரும் எனக்குக் கை தட்டிச்சினம். முடிய அவ கிட்ட வந்து, உங்கடை கோபத்தைப் பற்றியும் எழுதலாமோ எண்டு கேட்டா.”

“என்ன சொன்னனி?”

“நல்ல தமிழிலை சொன்னன், அண்ணை.”